புன்ஸன் என்னும் இரசாயனப் பேராசிரியர்

இரசாயனம் பயிலும் மாணாக்கருள் புன்ஸன் என்னும் பெயரை அறியாதார் இலர். பரிசோதனைச் சாலையுள் புகுந்த முதல் நாளிலேயே அப்பெயர் நம் செவியில் விழுகின்றது. அவர் பெயரால் வழங்கும் விளக்கை ஏற்றக் கற்ற பின்னரே ஏனைய சோதனைகளைத் தொடங்குகின்றோம். ஆயினும் அவ்விளக்கிற்குப் பெயர் தந்த பெரியாரின் வாழ்க்கையை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. அவர் ஆராய்ச்சியில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். பாஷாண நஞ்சால் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டவர். முதுமை நெருங்கிய காலத்தில் கைகள் வெந்து வருந்தியவர். இத்தனை இடர்களுக்கும் உட்பட்ட அவரே 88 ஆண்டுகள் வாழ்ந்து, பொருள்களைப் பகுத்தறியும் கருவிகள் பலவற்றை உலகிற்கு அளித்துச் சென்றார். கருவிகளோடு பழகுவோர் தம்மைக் காத்துக்கொள்வது எங்ஙனம் என்னும் வினாவிற்கு அவர் வாழ்க்கையே ஒரு விடையாக அமைந்துள்ளது. ஆதலின் அவ்வரலாற்றைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ராபர்ட் வில்ஹெல்ம் புன்ஸன் 1811-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஜெர்மனி தேசத்துக் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரச் சர்வகலாசாலையில் நூல் நிலையப் பொறுப்பும் மொழிப் பேராசிரியர் பதவியும் வகித்தவர். நூல்களுக்கு நடுவே வளர்ந்த இளைஞர் அதே கலாசாலையில் ஸ்ட்ரோமேயர் என்னும் ஆசிரியரிடம் இரசாயனம் கற்றார். 1817-இல் காட்மியம் என்னும் உலோகத்தைக் கண்டறிந்தவர் இந்த ஸ்ட்ரோமேயரே. நுண்ணிய நிறையளவில் தவறாத கையும், கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையும் அவரிடமிருந்தே மாணாக்கருக்கு வந்தன எனலாம்.

பட்டம் பெற்றபின் புன்ஸன் ஓராண்டிற்கு மேலாக ஐரோப்பாவில் யாத்திரை செய்தார். தொழிற்சாலைகளையும் சுரங்கங்களையும் பார்வையிட்டார். கீஸன் நகரில் லீபிக்கையும் பாரிஸ் நகரில் கே-லுஸாக்கையும் கண்டு பழகினார். பின்னர்க் கோட்டிங்கனுக்குத் திரும்பி ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1836-இல் வோலர் வகித்த இடத்திற்குக் காஸ்ஸல் நகரத் தொழிற்கல்விக் கூடத்திலும், 1839-இல் மார்பர்க் சர்வகலாசாலையிலும், 1851-இல் பிரஸ்லாவிலும் பணியாற்றி, 1852-இல் ஹைடல்பர்க் நகரத்தை அடைந்தார். அதன்பின் இறுதிவரை அந்நகரை விட்டு நீங்கினாரில்லை.

நஞ்சும் நஞ்சு முறிவும்

அவர் முதன்முதல் பெற்ற புகழ் உயிர் காக்கும் மருந்தொன்றால் வந்தது. 1834-ஆம் ஆண்டில் பெர்த்தோல்டு என்னும் மருத்துவருடன் கூடி, வெள்ளைப் பாஷாணம் உண்டோருக்கு மாற்று மருந்து ஒன்றை வெளியிட்டார். இரும்பு உப்பின் கரைசலிலிருந்து அப்பொழுதே வீழ்படியச் செய்த செந்நிறக் குழம்பே அம்மருந்து. அது வயிற்றினுள் உள்ள பாஷாணத்தைப் பற்றிக்கொண்டு, கரையாத பொருளாக மாற்றிவிடும். அதனினும் சிறந்த மருந்துகள் பின்னாளில் தோன்றினவெனினும், நெடுங்காலம் மருத்துவர்கள் அதனையே கைக்கொண்டனர்.

பாஷாணத்தின் மாற்றைக் கண்டவரையே பாஷாணம் தாக்கியது. 1837 முதல் சற்றேறக்குறைய ஆறாண்டுகள் அவர் காகோடில் எனப்படும் பொருள்களை ஆராய்ந்தார். வெள்ளைப் பாஷாணத்தைப் பொட்டாஸியம் அஸிடேட்டு என்னும் உப்புடன் கலந்து வாலையில் வடித்தால் புகையும் திரவம் ஒன்று கிடைக்கும். அதனினின்று பெறப்படும் பொருள்களுட் சில காற்றுப் பட்ட மாத்திரத்தே தாமே தீப்பற்றும். அவற்றின் நாற்றம் சகிக்கவொண்ணாதது. ஆவியோ கொடிய நஞ்சு. அதனை முகர்ந்தோருக்குக் கைகால்கள் விறுவிறுக்கும், தலை சுற்றும், நினைவு தப்பும், நாக்கின்மேல் கரும்படிவு தோன்றும் என அவரே குறித்து வைத்துள்ளார்.

இவற்றை அறிந்தே அவர் அவ்வாராய்ச்சியில் இறங்கினார். அறிந்தமையாற் காவலும் செய்துகொண்டார். காற்றுப் புகாத கண்ணாடிக் குழாய்களுக்குள்ளேயே பொருள்களை வடித்தார். நச்சாவி சூழ்ந்த இடத்தில் நின்று வேலை செய்தபொழுது, வெளிக்காற்றை நீண்ட குழாய் வழியே சுவாசித்தார் என்பர். முகத்திற்கு மறைப்பும் அணிந்திருந்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் எழுதுகின்றனர். அங்ஙனமிருந்தும் ஒரு நாள் காகோடில் ஸயனைடு என்னும் பொருள் வெடித்துச் சிதறிற்று. கண்ணாடிச் சில்லால் அவர் வலக் கண் பார்வையை இழந்தது. உடலினுட் புகுந்த நஞ்சால் பல நாள் உயிருக்குப் போராடிக் கிடந்தார்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அவர் கண்ட மாற்று மருந்து வயிற்றிற் சென்ற நஞ்சையே பிடிக்கவல்லது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் நுழையும் ஆவியை அது தடுக்க வல்லதன்று. மருந்து கையிலிருக்கிறது என்னும் துணிவு பரிசோதனைச் சாலையில் காவலாகாது. நஞ்சு உடலை அணுகாதபடி செய்வதொன்றே காவல். நலம் பெற்றெழுந்த புன்ஸன் எடுத்த ஆராய்ச்சியை முடித்து வெளியிட்டார். அதன்பின் அத்துறையை அறவே விட்டொழித்தார். அவர் ஆராய்ச்சியோ பிற்காலத்தார் கண்ட இரசாயனக் கொள்கைகட்குப் பெருந்துணையாயிற்று.

வாயுக்களை அளந்தமை

இரும்பு உருக்கும் உலைகளின் உச்சியினின்று வாயு வீணே எரிந்து போவதை அக்காலத்தார் பொருட்படுத்தினாரில்லை. புன்ஸன் அவ்வாயுக்களைக் குழாய்களில் பிடித்து ஆராய்ந்தார். ஜெர்மனியின் கரியுலைகளில் வெப்பத்தில் பாதிக்கு மேலாக வீணாதலைக் கண்டார். 1845-இல் லயன் பிளேபேர் என்னும் அறிஞருடன் இங்கிலாந்தில் ஆல்பிரட்டன் என்னுமிடத்து உலையைச் சோதித்தபொழுது, நூற்றுக்கு 80 பங்கிற்கு மேலாக வெப்பம் வீணாதல் புலனாயிற்று. அவ்வுலையினுள் பொட்டாஸியம் ஸயனைடு என்னும் கொடு நஞ்சு விளைவதையும் அவர்கள் கண்டனர். உலைவாயில் எழும் கார்பன் மானாக்ஸைடு நிறமும் நாற்றமும் அற்றது. அதனிடையே நின்று செய்த வேலை எத்துணை இடர் மிக்கது என்பதை நாம் எளிதில் உணரலாம்.

இவ்வாராய்ச்சிக்கு அவர் கையாண்ட கருவி தடித்த கண்ணாடிக் குழாய் ஒன்றேயாகும். அதன் மேற்புறத்தில் இரண்டு பிளாட்டினக் கம்பிகள் உருக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். குழாயைப் பாதரசத் தொட்டியிற் கவிழ்த்து, சோதிக்கும் வாயுவையும் பிராணவாயுவையும் உட்செலுத்தி, மின்பொறியால் வெடிக்கச் செய்து, எஞ்சிய வாயுவை அளந்தறிதல் வேண்டும். வெடிப்பையே அளவு முறையாகக் கொண்ட கருவி இது. ஆதலின் கலவையின் வேகம் மிகாதபடி வேறு வாயு சேர்த்து அதனைத் தணிப்பதும், வெடிக்கும் பொழுது குழாயின் வாயை ரப்பர்த் தகட்டின்மேல் அழுத்தி மூடுவதும் அவர் வகுத்த முறைகளாம். குழாய் உடையாமலிருப்பதும் அளவு பிழையாமலிருப்பதும் ஒரே செயலால் கைகூடின. இம்முறைகளையெல்லாம் தொகுத்து 1857-இல் அவர் நூலொன்று வெளியிட்டார். அவர் கையாண்ட பாதரசத்தின் ஆவியும் நஞ்சே என்பதனால், இக்காலத்துப் பரிசோதனைச் சாலைகள் அதனைக் கூடியமட்டும் விலக்கி வருகின்றன.

1846-இல் அவர் ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்றார். முந்திய ஆண்டில்தான் அங்கு ஹெக்லா என்னும் எரிமலை பொங்கியிருந்தது. அத்தீவில் பெருங் கொதிநீர் ஊற்றொன்று இடைவிட்டு இடைவிட்டு வானளாவப் பீறிட்டெழும். அது பீறிடுவதற்குச் சற்று முன்வரை அதன் துளையினுள் வெப்பமானியை இறக்கி அளவெடுத்தார். ஆழத்திலுள்ள நீர் 120 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமுடையதாயினும், மேலுள்ள நீரின் அழுத்தத்தால் கொதியாது அடங்கியிருக்கின்றது. அவ்வழுத்தம் சிறிது குறைந்ததும் ஒருசேரப் பொங்குகின்றது என்று விளக்கினார். மூடிய பாத்திரத்தில் நீரை மிகைபடக் காய்ச்சி, அழுத்தம் தணியுமுன் திறப்போர் இவ்வூற்றை நினைவிற் கொள்வாராக.

ஹைடல்பர்க் நகரத்து விளக்கு

ஹைடல்பர்க்கில் அவருக்கெனப் புதிய பரிசோதனைச் சாலை கட்டப்பட்டு 1855-இல் நிறைவேறியது. நகரத்து எரிவாயுவும் அக்கட்டடத்துட் குழாய்வழி வந்தது. அக்காலத்து எரிவாயுச் சுடர் மஞ்சள் நிறமாய்ப் புகைந்து, பாத்திரங்களிற் கரி படியச் செய்யும், சூடும் போதாது. சுடரின் ஒளியே குறுக்கிடுமாதலால், சுடரிலிட்ட உப்பின் நிறத்தைக் காணவும் இயலாது. வாயுவை எரியுமுன்னரே காற்றுடன் கலக்கச் செய்தால் இக்குறைகள் நீங்கும் எனப் புன்ஸன் கருதினார். கருவிகள் செய்வதில் வல்லவராகிய பீட்டர் டெஸாகா அக்கருத்திற்கு வடிவம் கொடுத்தார். விளக்கிற்குத் தனியுரிமை பெறுதலைப் புன்ஸன் விரும்பினாரில்லை. அறிவின் பயன் அனைவர்க்கும் பொது என்பதே அவர் கொள்கை.

காற்றும் எரிவாயுவும் கலந்த கலவை வெடிக்கும் இயல்புடையது. அங்ஙனமாக, விளக்கு வெடியாதது ஏன்? குழாயினுள் கலவை மேனோக்கிச் செல்லும் வேகம், சுடர் கீழ்நோக்கிப் பரவும் வேகத்தினும் மிகுந்திருப்பதே காரணம். வாயு குறைந்தாலும் காற்று மிகுந்தாலும் இந்நிலை மாறும்; சுடர் குழாயினுட் பாய்ந்து அடியிலுள்ள துவாரத்தில் நின்று எரியும். அப்பொழுது குழாய் பழுக்கக் காய்கின்றது. ரப்பர்க் குழாய் உருகுகின்றது. அரைகுறையாய் எரிந்த நச்சு வாயுவும் எழுகின்றது. உடனே வாயுவை அடைத்து, விளக்கு ஆறியபின், காற்றுத் துளையை மூடி மீண்டும் ஏற்றுதலே தக்கது. அடித்துவாரத்தில் அழுக்கடைந்தாலும் இத்தீங்கு நேரும். ஆகவே விளக்கைத் துடைத்து வைப்பது அழகுக்காக மட்டுமன்று, உயிர்க்காவலுக்காகவுமாம்.

அதே ஆண்டுகளில் ராஸ்கோ என்னும் மாணாக்கருடன் கூடி, ஒளியால் ஹைட்ரஜனும் குளோரினும் சேரும் அளவை அவர் ஆராய்ந்தார். அக்கலவை நல்ல வெயில் பட்டால் வெடிக்கும். ஆகவே ஒளியை அளவாக விடுத்து, கலவை சிறிது சிறிதாகச் சேரும்படி கருவியை அமைத்தனர்.

நிறமாலைக் கருவி

பௌதிகப் பேராசிரியராகிய கிர்க்ஹாப் என்பார் புன்ஸனுக்கு உயிர்த்தோழர். உப்புக்களைச் சுடரிலிட்டு, அதன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும் என்று இருவரும் 1859, 1860-ஆம் ஆண்டுகளில் நிலைநாட்டினர். டூர்க்கைம் என்னும் ஊரின் ஊற்றுநீரை 40 டன்னளவு காய்ச்சி வற்றவைத்து, 1860-இல் ஸீஸியம் என்னும் புதிய தனிமத்தைக் கண்டனர். மறுவருடம் ருபீடியம் வெளிப்பட்டது. 1868-இல் நம் நாட்டுக் குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தின்பொழுது பிரெஞ்சு அறிஞர் ஜான்ஸன் சூரியனின் விளிம்பில் எழும் தழல்களை ஆராய்ந்ததும் இவ்வகைக் கருவியைக் கொண்டேயாம்.

இக்கருவியின் கூர்மைக்கு அவர்கள் செய்த சோதனை ஒன்று குறிப்பிடத்தக்கது. 60 கன மீட்டர் கொள்ளும் அறையில், கருவிக்கு மிகத் தொலைவிலுள்ள மூலையில், 3 மில்லிகிராம் ஸோடியம் குளோரேட்டைப் பாற்சர்க்கரையுடன் வெடிக்கச் செய்தனர். சில நிமிஷங்களில் மற்றொரு புறத்திருந்த சுடர் ஸோடியத்தின் மஞ்சட் கோட்டைக் காட்டிற்று. மில்லிகிராமில் 30 லட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த ஸோடியத்தையும் அக்கருவி அறியும் எனக் கணக்கிட்டனர். இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறுகின்றோம். வெடிக்கும் பொருளை மில்லிகிராம் அளவிலே எடுத்துத் தூரத்தே வைத்த முன்யோசனை ஒன்று. ஒரு மூலையிற் சிந்தியது அறை முழுதும் பரவும் என்பது மற்றொன்று. ஸோடியத்தைப்போல் நஞ்சும் பரவுமன்றோ? கண்ணிற்குப் புலப்படவில்லை என்பதனால் காற்று தூயதென்று எண்ணுதல் பேதைமை.

எதிர்பாராத இரண்டு விபத்துகள்

1869-இல் அவர் ரோடியம், இரிடியம் முதலிய பிளாட்டின இனத்து உலோகங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்முறையிற் கிடைத்த நுண்பொடியை விரலால் தொட்டார். தொட்டதும் அது வெடித்தது. கைகள் வெந்தன, முகத்திலும் தழல் பட்டது. எஞ்சியிருந்த ஒரு கண் தப்பியது பெரும்பேறாயிற்று. உலோகப் பொடி வாயுக்களை உள்ளடக்கி வெடிமருந்துபோல் ஆகும் என்பதை அவர் உடலே உலகிற்கு உணர்த்திற்று.

1874-இல் நேர்ந்தது வேறு வகையானது. அபூர்வ மண்களின் நிறமாலைகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, எழுத்தும் சித்திரமும் முடித்து மேசைமேல் வைத்திருந்தார். அருகே நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவை ஒன்று இருந்தது. அவர் இல்லாதபொழுது சாளரத்தின் வழியே வெயில் அதன்மேல் விழ, குடுவை சூரியகாந்தக் கண்ணாடிபோல் ஒளியைக் குவித்துத் தாள்களை எரித்துவிட்டது. அறுபது வயதைக் கடந்த அவர் சிலநாள் சோர்ந்திருந்து, பின்னர் முதலிலிருந்தே அளவுகளை எடுத்து 1875-இல் அவ்வாராய்ச்சியை வெளியிட்டார்.

இவ்விரண்டையும் காகோடில் விபத்தோடு ஒப்பிட்டு நோக்குவோம். அங்கே பகைவன் யார் என்பது தெரிந்திருந்தது. ஆதலின் முகமறைப்பு இருந்தது, குழாய் இருந்தது, இழப்பு ஒரு கண்ணோடு நின்றது. பிந்தியவற்றிலோ உலோகப் பொடியும் குடிநீர்க் குடுவையும் தீங்கற்றவைபோல் தோன்றின. அங்குக் காவலே இல்லை. அஞ்சத்தக்கதென்று நாம் அறிந்த பொருளினும், பழகியதென்று எண்ணிய பொருளே மிகுதியும் நம்மைத் தாக்குகின்றது. புன்ஸன் வாழ்க்கையில் நாம் முதன்மையாகக் கொள்ளத்தக்க உண்மை இதுவே.

ஆசிரியரின் இயல்பு

புன்ஸன் மணம் செய்துகொள்ளாதவர். உயர்ந்த உருவமும் எளிய உள்ளமும் உடையவர். டிண்டல், பிராங்க்லண்டு, ராஸ்கோ, பேயர் முதலிய பேரறிஞர் அவரிடம் பயின்றவர்கள். கண்ணாடி ஊதுவதில் அவர் கை தேர்ந்தது. ஊதி ஊதித் தடித்த விரல்களால் சுடும் மூசையின் மூடியையும் எடுப்பாராம். சுடரில் விரலை நீட்டிக் காட்டுவதும் உண்டாம். இதனை நாம் வியக்கலாமேயன்றிப் பின்பற்றலாகாது. ஆசிரியரின் தழும்பு மாணாக்கருக்கு இடுக்கியாகாது. 1860-இல் இங்கிலாந்தின் ராயல் சங்கம் காப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1889-இல் 78-ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1899 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஹைடல்பர்க்கிலேயே உயிர் நீத்தார்.

அவர் வழி வந்த கருவிகள்

சுடரும் முப்பட்டைக் கண்ணாடியும் கூடிய அக்கருவியின் வழித்தோன்றல்களே இன்று நாம் காணும் சுடரொளிமானியும் அணு உட்கவர் நிறமாலைமானியுமாம். உருவம் மாறினும் அபாயம் மாறவில்லை. அஸிட்டிலீனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் எரியும் கருவியில் வாயின் வேகம் குறைந்தால், அன்று விளக்கிற் பாய்ந்த சுடரே இன்றும் உள்ளே பாய்ந்து வெடிக்கும். ஆதலின் சுடர் எழும் பிளவிற் படியும் கரியை, கருவியை அணைத்து ஆறவிட்ட பின்னர் நீக்குதல் வேண்டும். கழிவுநீர்க் குழாயின் வளைவில் நீர் நிறைந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். அந்நீரே வாயு வெளியேறாமலும் சுடர் உட்புகாமலும் தடுக்கும் பூட்டு. அஸிட்டிலீனுக்குச் செம்புக் குழாய் ஆகாது. செம்புடன் கூடி அது வெடிபொருளாகும். சுடரினின்று வரும் ஊதாக் கடந்த கதிர் கண்ணைக் கெடுக்குமாதலால் தக்க கண்ணாடி அணிதல் வேண்டும். உலோக ஆவியை வெளியேற்றும் புகைபோக்கி இயங்காதபொழுது சுடரை ஏற்றலாகாது.

இவையனைத்தும் சிறு செயல்கள். துடைத்தல், நிரப்பல், மூடல், நோக்கல் என்னும் இவற்றைப் பணியாளர் வேலையென்று எண்ணி மாணாக்கர் சிலர் இகழ்வதுண்டு. கருவியைத் தம் கையால் ஆக்கிய புன்ஸன் அங்ஙனம் எண்ணினாரில்லை. அவருக்குக் கருவியைப் பேணுதலும் உண்மையைத் தேடுதலும் ஒரே தொழிலாயிருந்தன. இனி விளக்கை ஏற்றும்பொழுதெல்லாம், நிமிர்ந்து நிற்கும் அந்நீலச் சுடருக்குப் பின்னே ஒரு கண்ணோடு அளவெடுத்த பேராசிரியரை நினைப்போமாக. அவர் பெருவிலை கொடுத்துக் கற்றதை விலையின்றிப் பெறும் நாம், நம் இரு கண்களையும் காத்துக்கொண்டு அவர் விட்ட பணியைத் தொடர்தலே அவருக்குச் செய்யும் நன்றியாகும்.